சொல்தா வீட்டுத் தாத்தா

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் வழி கேட்டால் இன்றைக்கும் சில இடங்களில் இப்படிப் பதில் வரும்: "நேராப் போங்க, சொல்தா வீடு வரும். அதுக்கு அடுத்த சந்துல திரும்புங்க." அந்த வீட்டில் சொல்தா இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். பிள்ளைகள் பாரீஸ் புறநகரில் இருப்பார்கள். வீட்டில் யாராவது வாடகைக்கு இருப்பார்கள், இல்லையென்றால் பூட்டிக் கிடக்கும். ஆனாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது சொல்தா வீடுதான்.

சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்துவிட்டு ஊர் திரும்பிய சிப்பாய். இது புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமல்ல. ஆனால் பாகூரில் வயல் வரப்பைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே இருப்பவருக்கு 'ராணுவத்துத் தாத்தா' என்றால் பாகிஸ்தான் போரும் கேன்டீன் அட்டையும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்துத் தாத்தாவின் கணக்கே வேறு. அவர் போன போர்கள் இந்தோசீனாவும் அல்ஜீரியாவும். அவரை அதட்டிய அதிகாரி பிரெஞ்சில் அதட்டினார். பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. முதலில் பிராங்க் கணக்கில், 2002-க்குப் பிறகு யூரோ கணக்கில். இரண்டு தாத்தாக்களுக்கும் நடுவில் ஒரு வரப்புதான்.

இந்தப் பதிவில் வரும் தாத்தா ஒருவரல்ல. பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் சொல்லும் தாத்தாக்களுக்குப் பொதுவாக இருப்பதை மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். வரலாற்றுத் தேதிகள் மட்டும் அச்சில் உள்ளபடி.

இந்தத் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் பேரப்பிள்ளைகள் போர்க்களத்தில் தொடங்குவதில்லை, ஒழுங்கில்தான் தொடங்குவார்கள். விடியற்காலையில் எழுந்து முகச்சவரம் செய்துவிடுவார். எங்கேயும் போகாத நாளிலும் சட்டை இஸ்திரி போட்டிருக்கும். சாப்பாட்டுக்கு மணி உண்டு. சைக்கிளை அவர்தான் துடைப்பார், வேறு யாரும் தொடக்கூடாது. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வாசலில் நின்றுகொண்டிருப்பார். திட்ட மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். சாயங்காலம் நாலு பேர் சேர்ந்தால் பெத்தாங் ஆட்டம். இரும்புக் குண்டை உருட்டிச் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் அந்த பிரெஞ்சு விளையாட்டு புதுச்சேரியில் வேரூன்றியதற்கு இந்தச் சொல்தாக்களும் ஒரு காரணம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தமிழில் சண்டை போட்டுக்கொண்டு, பிரெஞ்சில் புள்ளி எண்ணுவார்கள்.

ராணுவம் அவர் வாழ்க்கையில் எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் கீழ்நிலைச் சிப்பாய்க்குப் பதினைந்து வருட சேவை முடிந்தால் அதற்கேற்ற ஓய்வூதியம் உண்டு. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் முப்பத்து மூன்றில் பென்ஷன்காரர். அதன்பிறகு நாற்பது, ஐம்பது வருடம் ஊரில் வாழ்ந்திருக்கிறார். அப்பாவாக, மாமனாராக, தாத்தாவாக. துப்பாக்கி பிடித்த காலத்தைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காலம் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்திருக்கிறார். அதனால் அவர் வீட்டார் அவரை நினைக்கும்போது வீரனைவிடத் தாத்தா பெரிதாகத் தெரிவதில் தவறில்லை.

ஆனால் எந்தப் பேரனும் ஒரு வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவான். "தாத்தா, நீங்க யாரையாச்சும் சுட்டிருக்கீங்களா?"

பதில் வராது. "போய்ப் படிடா" என்று வரும். அல்லது சைகோனில் சாப்பிட்ட ஏதோ ஒரு பழத்தின் கதை வரும், கப்பலில் வாந்தி எடுத்த கதை வரும், குளிரில் விரல் மரத்துப்போன கதை வரும். சுட்ட கதை மட்டும் வராது.

இது எல்லாப் போர்வீரர்களுக்கும் பொதுவான மௌனம் என்று விட்டுவிடலாம். ஆனால் புதுச்சேரிச் சொல்தாவின் மௌனத்துக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். அது புரிய வேண்டுமென்றால் 1954-ஆம் வருடக் காலண்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1946 டிசம்பரில் வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஹோ சி மின்னின் படைக்கும் முழுப்போர் மூண்டது. புதுச்சேரித் தமிழர்களுக்கு அது புது நாடு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்தே கொச்சின்சீனா என்ற அந்தத் தென்பகுதிக்கு எழுத்தராகவும் காவலராகவும் வரி வசூலிப்பவராகவும் போய்வந்தவர்கள். சைகோன் மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. இப்போது துப்பாக்கியோடு போனார்கள். 1954 மார்ச் 13 அன்று தியன் பியன் ஃபூ பள்ளத்தாக்கில் முற்றுகைச் சண்டை தொடங்கியது. அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் 31 அன்று, இங்கே நெட்டப்பாக்கத்தில் அரசியல் தலைவர் எதுவார் குபேர் இந்தியக் கொடியை ஏற்றினார். அங்கேயே ஒரு தற்காலிக அரசாங்கமும் அமைந்தது. மே 7 அன்று தியன் பியன் ஃபூ வீழ்ந்தது. ஜூலை 21-இல் ஜெனீவாவில் உடன்பாடு. அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

அதே நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி தன் முதல் தாக்குதல்களை நடத்தியது. ஏழு வருடத்துக்கும் மேல் நீண்ட போரின் முதல் நாள்.

இந்தத் தேதிகளை ஒரு சிப்பாயின் பக்கத்திலிருந்து யோசித்தால் சங்கடமாக இருக்கும். பாகூர்ப் பக்கத்துப் பையன், 1948 வாக்கில் சேர்ந்தவன் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஆசியாவின் ஒரு மூலையில் பிரெஞ்சு ஆட்சியைக் காக்கச் சண்டை போடுகிறான். அதே வாரங்களில் அவன் அண்ணனோ மாமாவோ ஊரில் பிரெஞ்சு ஆட்சி ஒழிக என்று கோஷம் போடுகிறார். அவன் சுடுவதும் விடுதலை கேட்பவர்களைத்தான். ஊரில் விடுதலை வந்த தினத்தில் அவன் படை அடுத்த நாட்டின் விடுதலைப் போரை அடக்கக் கிளம்புகிறது. இதைப் பேரனுக்கு எப்படிச் சொல்வது? 1954-க்குப் பிறகு வளர்ந்த பேரன் பள்ளிக்கூடத்தில் சுதந்திரப் போராட்டம் படிக்கிறான், கீழூர் நினைவிடத்துக்குச் சுற்றுலா போகிறான். தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது.

சொல்தாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, மாவீரர் என்று மாலை போடுவது. இல்லையென்றால் கூலிப்படை என்று தள்ளுவது. இரண்டும் சோம்பேறித்தனம். நெல் விளையும் பூமி என்று பாகூருக்குப் பெயர். மூலநாதர் கோயிலும் பெரிய ஏரியும் பங்காரு வாய்க்காலும் உள்ள ஊர். ஆனால் நெல் விளையும் ஊரில் எல்லாருக்கும் நிலம் இருந்ததில்லை. நிலமில்லாத வீட்டுப் பையனுக்குச் சம்பளம், காலணி, மூன்று வேளைச் சாப்பாடு, முப்பத்து மூன்று வயதில் பென்ஷன் என்று ஒரு வழி திறந்தால் அவன் அதில் போகத்தான் செய்வான். அதற்கு முன்னே இன்னொரு கதவும் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, ஒருவர் தன் சாதி, சமய வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படித் துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறையப் பேர். ஊரில் தெருவுக்குள் விடாதவர்களின் மகன் வெளிநாட்டில் சீருடையோடு நின்று எடுத்த புகைப்படம், கூடத்தில் மாட்டினால் வெறும் அலங்காரமாக மட்டுமா இருந்திருக்கும்?

அல்ஜீரியாப் போருக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. பிரான்ஸ் அதைப் போர் என்றே வெகுகாலம் ஒப்புக்கொள்ளவில்லை. அரசுத் தாள்களில் அது 'ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை'. அங்கே போனவர்களுக்குப் போர்வீரர் அந்தஸ்து கொடுக்கும் சட்டம் 1974 டிசம்பரில்தான் வந்தது. 'அல்ஜீரியாப் போர்' என்ற பெயரைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1999 அக்டோபரில். போர் முடிந்து முப்பத்தேழு வருடம் கழித்து. தாத்தா பேசவில்லை என்று குறைப்பட என்ன இருக்கிறது? அவரை அனுப்பிய அரசாங்கமே பேசவில்லை.

இனி பெட்டி. எல்லாச் சொல்தா வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். இரும்பு டிரங்குப் பெட்டி, பூட்டுச் சாவி தாத்தாவின் அரைஞாணிலோ ஆயாவின் முந்தானையிலோ. பேரப்பிள்ளைகள் அதில் துப்பாக்கி இருக்கிறது என்று நினைப்பார்கள். திறந்தால் காகிதம். ராணுவச் சேவைக் கையேடு, பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, பிள்ளைகள் பெயரெல்லாம் ஏறிய குடும்பக் கையேடு, பென்ஷன் தாள்கள், கோன்சுலாவிலிருந்து, அதாவது பிரெஞ்சுத் துணைத் தூதரகத்திலிருந்து, வந்த கடிதங்கள். தேதிவாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூல் கட்டி வைத்திருப்பார். பேரனுக்கு அது சலிப்பு. ஆனால் அந்தக் குடும்பத்தின் மேல் அவர் வைத்த பிரியம் முழுக்க அந்தக் காகிதத்தில்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஏனென்றால் சொல்தா வீட்டில் ஒரு காகிதம் இருப்பதும் இல்லாததும் மூன்று தலைமுறையைத் திருப்பிப் போட்டது.

அதைச் செய்தது 1962.

புதுச்சேரியைக் கையளிக்கும் ஒப்பந்தத்தில் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்டது 1956 மே 28. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்குப் பல வருடம் ஒப்புதல் தரவே இல்லை. அல்ஜீரியா எரிந்துகொண்டிருந்தபோது இன்னொரு நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கும் தாளில் கைவைக்க பாரீசில் யாருக்கும் மனமில்லை. 1962 மார்ச்சில் போர்நிறுத்தம், ஜூலை 5-இல் அல்ஜீரியா சுதந்திரம். அந்த ஜூலையிலேயே புதுச்சேரி ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 16 அன்று தாள்கள் பரிமாறப்பட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. கீழூரில் வருடாவருடம் அந்தத் தேதியில் கொடியேற்றுவது இதற்காகத்தான். அல்ஜீரியாவில் சண்டை போட்ட பாகூர்க்காரர் தன் ஊரின் சட்டபூர்வமான விடுதலையைத் தள்ளிப்போட்ட போரில்தான் சண்டை போட்டிருக்கிறார். அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

ஒப்பந்தம் குடியுரிமைக்கு ஒரு வழி சொன்னது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருப்பவர் இந்தியக் குடிமகன் ஆகிவிடுவார். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தகப்பன் எடுக்கும் முடிவுதான் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள, திருமணமாகாத பிள்ளைகளுக்கும். இங்கே பிறந்து, அந்தத் தேதியில் இந்தியாவுக்கும் புதுச்சேரிக்கும் வெளியே குடியிருப்பவர்? அவர் எதுவும் செய்ய வேண்டாம், பிரெஞ்சுக்காரராகவே தொடர்வார். இந்தியர் ஆக விரும்பினால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த விதியை ஒரே தெருவில் வைத்துப் பாருங்கள். ஒருவர் இன்னும் சேவையில் இருக்கிறார், குடும்பத்தோடு பிரான்சில். அவர் குடியுரிமைக்கு ஆபத்தில்லை. அவருக்கு இரண்டு வருடம் முன்னே சேர்ந்து, சேவை முடித்து ஊர் வந்து, வீட்டுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருப்பவர் புதுச்சேரிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பிரெஞ்சுக்காரர். போடாவிட்டால், 1963 பிப்ரவரி நடுவில் கெடு முடிந்ததும், இந்தியர். இரண்டு பேரும் ஒரே கப்பலில் போனவர்களாகக்கூட இருக்கலாம்.

மூன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த பகுதியில் கையெழுத்துப் போட்டவர்கள் சுமார் 5,000 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை; அவர்கள் இந்தியர்கள், அதில் சந்தோஷம். போடாமல் விட்ட சொல்தாக்களுக்கு வீட்டில் சொல்லும் காரணங்கள் பலவகை. விஷயம் கிராமத்துக்கு வந்து சேரவில்லை. வந்தது, ஆனால் கையெழுத்துப் போட்டால் ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள், நிலம் போய்விடும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். அம்மா அழுதாள். கதிர் அறுப்பு நேரம். ஒரு சிலர் மனதார வேண்டாம் என்றார்கள். இந்த மண்ணில் பிறந்தேன், இந்த மண்ணின் ஆளாகச் சாகிறேன் என்று. அப்படிச் சொன்னவரின் முடிவை இன்று பேரன் பாஸ்போர்ட்டுக்காக நொந்துகொள்வது நியாயமா என்று தெரியவில்லை. ஆனால் நொந்துகொள்கிறான், அதுவும் உண்மை.

போடாதவருக்கு விழுந்த அடி குடியுரிமையோடு நிற்கவில்லை. 1959 டிசம்பர் 26-ஆம் தேதியிட்ட பிரெஞ்சு நிதிச்சட்டத்தின் 71-ஆம் பிரிவு ஒரு காரியம் செய்திருந்தது. பிரான்சின் ஆட்சியில் முன்பு இருந்த நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் அப்படியே உறைந்து நிற்கும். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கும் சிப்பாய்க்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மொராக்கோ, அல்ஜீரியா, செனகல் என்று லட்சக்கணக்கான பழைய சிப்பாய்கள் இந்த உறைபனியில் மாட்டிக்கொண்டார்கள். ஒரே போரில் ஒரே குண்டுக்குக் குனிந்தவர்களுக்கு, பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து வேறு வேறு தொகை.

இதைப் பற்றி பிரான்சில் பெரிதாகப் பேச்சு வந்தது 2006-இல். ரஷீத் புஷாரெபின் 'இந்தீஜேன்' படம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போராடிய வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. அதன் நடிகர்களுக்கு கான் விழாவில் சேர்த்து விருது கொடுத்தார்கள். படம் வெளியான சமயத்தில் அதிபர் சிராக் அறிவித்த மாற்றம் 2007 நிதிச்சட்டத்தில் வந்தது, ஆனால் போர்வீரர் படித்தொகைக்கும் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கும் மட்டும். சேவை ஓய்வூதியம் அப்படியே கிடந்தது. 2010-இல் பிரான்சில் ஒரு புது நடைமுறை தொடங்கியது. நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதே, சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்ததா என்று குடிமக்கள் கேட்கலாம். அந்த நடைமுறையில் அரசியலமைப்பு மன்றம் தீர்த்த முதல் வழக்கே இந்த ஓய்வூதியம்தான். ஓர் அல்ஜீரியக் குடும்பம் கேட்டது. சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு. 2011 ஜனவரியிலிருந்து சமத்தொகை. தீர்ப்பு வந்த தேதி 2010 மே 28. புதுச்சேரி ஒப்பந்தம் கையெழுத்தான அதே மே 28, ஐம்பத்து நான்கு வருடம் கழித்து. தற்செயல்தான். 1948-இல் சேர்ந்தவருக்கு அப்போது எண்பது வயது, இருந்திருந்தால்.

பென்ஷன் வாங்குகிறவருக்கும் சும்மா வந்துவிடாது. வருடாவருடம், தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதற்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். வில்லியனூரிலிருந்து என்றால் பத்து கிலோமீட்டர். பாகூரிலிருந்து என்றால் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாக அதைப்போல இரண்டு மடங்கு. பேரனைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறுவார். மரீன் வீதியில் கோன்சுலா. அங்கே அவர் முதுகு நிமிரும், குரல் மாறும், வீட்டில் பேசாத பிரெஞ்சு வாயில் வரும். பேரன் அதுவரை பார்க்காத ஓர் ஆளை அந்த வரிசையில்தான் பார்ப்பான். வேலை முடிந்தால் திரும்பும் வழியில் ரொட்டி வாங்கித் தருவார், கேட்டால் ஐஸ்க்ரீமும்.

ஆயாவின் கதை தனியாக எழுத வேண்டியது, இங்கே கொஞ்சம். சொல்தா இறந்தால் மனைவிக்குப் பாதி ஓய்வூதியம் உண்டு. ஆனால் கோயிலில் தாலி கட்டியது மட்டும் பிரெஞ்சு அரசுக்குப் போதாது. திருமணம் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து, பிள்ளை பெற்று, பதிவை மட்டும் விட்டவர்கள் பின்னால் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஆகவே பெட்டியில் திருமணப் பதிவுத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கும் தாத்தாவை, ஆயாவிடம் ஒரு நாளும் அன்பாக நாலு வார்த்தை பேசாதவராக இருந்தாலும், கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

சில வீடுகளில் ஆயாவே வியட்நாமிலிருந்து வந்தவர். சேவைக்குப் போன இடத்தில் கல்யாணம் செய்து, கப்பலில் கூட்டிவந்து, இந்த வெயிலில் குடிவைத்தார்கள். புடவை கட்டப் பழகி, தமிழ் பேசப் பழகி, ஆனால் அடுப்பை மட்டும் விட்டுக்கொடுக்காத பெண்கள். புதுச்சேரிக் கடைகளில் இன்றைக்கு விற்கும் நெம், அதாவது மெல்லிய அரிசித்தாளில் கறியும் காயும் சுருட்டிப் பொரித்தது, அவர்கள் வழி வந்ததுதான். தாத்தா போரைப் பற்றி எதுவும் சொல்லாமல் போனாலும் வியட்நாம் இந்த ஊருக்குள் வந்து பலகாரமாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்த தலைமுறை பறந்துவிட்டது. பிள்ளைகள் 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்தார்கள். பையன்கள் பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவைக்குப் போனவர்கள் அப்படியே அங்கே தங்கினார்கள். 1997-இல் சட்டம் கட்டாயச் சேவையை நிறுத்திவைப்பது வரை அதுவும் ஒரு வழி. சார்செல் போன்ற பாரீஸ் புறநகர்களில் புதுச்சேரித் தமிழர் குடும்பங்கள் பெருகின. ஊரில் கல்யாணச் சந்தை தலைகீழானது. 'பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்றால் வரதட்சிணைப் பேச்சே வேறு தளத்தில் தொடங்கும். பெண்ணுக்கு நேஷனாலிட்டி இருந்தால் மாப்பிள்ளை வீடு இறங்கி வரும். 1962-இல் தாத்தா போட்ட ஒரு கையெழுத்து 2000-களில் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். இதை அவர் எந்தப் போர்முனையிலும் யோசித்திருக்க மாட்டார்.

நகரத்தில் சொல்தாக்களுக்கென்று ஓர் இல்லம் உண்டு, ஃபுவாயே துய் சொல்தா. கடற்கரையில் 1938-இல் திறந்த போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மாண்டவர்களுக்காகக் கட்டியது. ஜூலை 14 அன்று பிரெஞ்சுத் துணைத் தூதர் மலர்வளையம் வைப்பார், இரண்டு நாட்டுப் பண்ணும் இசைக்கும். முந்தின நாள் இரவு காகித விளக்கேந்தி ஊர்வலம். கிராமத்திலிருந்து வந்த தாத்தாக்கள் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். படம் பிடிக்கச் சுற்றுலாக்காரர்கள் கூடுவார்கள். வருடத்துக்கு வருடம் அந்த வரிசை சுருங்கிவிட்டது. இந்தோசீனாவுக்குப் போனவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்களே இன்று தொண்ணூறை ஒட்டிய வயதுக்காரர்கள்.

தாத்தா போய்விட்டார், பெட்டி மட்டும் இருக்கிறது, அவர் எங்கே எந்தப் படையில் இருந்தார் என்று அறிய ஆசை என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தினரின் தனிப்பட்ட சேவைக் கோப்புகள் தென்மேற்கு பிரான்சில் போ என்னும் ஊரிலுள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாரிசுகள் எழுதிக் கேட்கலாம். போரில் இறந்தவர்கள் என்றால் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' இணையதளத்தில் பெயரால் தேடலாம். முதல் உலகப் போரும் இந்தோசீனாவும் அல்ஜீரியாவும் அதில் உண்டு. இன்னும் பின்னே போகவேண்டுமானால் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் பிரெஞ்சிந்தியாவின் பழைய பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

தேடும்போது ஒன்று. வில்லியனூரை அவர்கள் வில்லெனூர் என்று எழுதியிருப்பார்கள். குப்புசாமியின் முதல் எழுத்துக்கு பிரெஞ்சில் மூன்றெழுத்து. முத்துவுக்கும் கந்தசாமிக்கும் எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது தாத்தா துறப்புப் பத்திரத்தில் எடுத்துக்கொண்ட புதுப் பெயர் மட்டும் இருக்கும். அதனால் பெயரைவிட எண்ணை நம்புவது நல்லது. சேவைக் கையேட்டின் முதல் பக்கத்தில் மத்ரிக்குல் எண் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் பழைய பென்ஷன் தாளிலோ மெடலோடு வந்த சான்றிதழிலோ தேடிப் பார்க்கலாம். அந்த எண்ணும் பிறந்த தேதியும் ஊரும் கடிதத்தில் இருந்தால் போதும். கடிதத்தைப் பிரெஞ்சில் எழுத, தெருவில் இன்னும் யாராவது ஒரு சொல்தா வீட்டுப் பேத்தி இருப்பாள்.